பூரணையும் பிறையும் பொங்கும் கடலும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்று பூரணை, போயா விடுமுறையும் கூட. அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் புகுந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரமாகக் கோத்துக் கிடக்கும் ஊர்களில் அலை தொடாத ஊர் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை.

அன்று பூரணையாக இருந்தமையால் ஓர் எண்ணம் பலர் மனதில் ஊன்றிவிட்டது. பறுவத்தில் கடல் பொங்கும், நிலா பெருத்தால் சுனாமி வரும் என்பதே அது. "பெரு நிலா வருகிறது" என்று யாராவது கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். கரையோர வீடுகளில் அன்றிரவு தாய்மாருக்கு உறக்கமில்லை. இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் இந்த அச்சம் முற்றாக நீங்கவில்லை. இதற்கு ஆதாரம் உண்டா, இல்லையா? விடையைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம். ஆனால் விடை மட்டும் தெரிந்தவனை அடுத்த வதந்தி மறுபடியும் பயமுறுத்தும். ஆகவே, வாசகர்களே, சந்திரனை முதலில் அறிந்துகொள்வோம்.

தேங்காயும் தேசிக்காயும்

உரித்த தேங்காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் பூமி. அதன் குறுக்களவு ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். சந்திரனுக்கு ஒரு சிறு தேசிக்காய் போதும். பூமியின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடியது சந்திரனின் விட்டம், 3,474 கிலோமீற்றர். சரி, தேசிக்காயைத் தேங்காய்க்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது? பாடப்புத்தகப் படத்தைப் பார்த்தவர்கள் ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். அது பிழை. முப்பது தேங்காய்களை வரிசையாக அடுக்கினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு அடி தள்ளி, முற்றத்தின் மறுகோடியில் வைக்க வேண்டும். பூமிக்கும் சந்திரனுக்கும் இடையே சராசரித் தூரம் 3,84,400 கிலோமீற்றர். சூரியனை இதே கணக்கில் வைப்பதானால் ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், நாலு மாடிக் கட்டடம் அளவான ஓர் உருண்டையை நிறுத்த வேண்டியிருக்கும்!

சந்திரனுக்குத் தன்னொளி இல்லை. சூரியன் காய்ச்சும் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருள். எந்த நேரமும் சந்திரனின் பாதி ஒளியாகவே இருக்கிறது. அந்த ஒளிப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே வளர்பிறை, தேய்பிறை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவில் மேசை மேல் ஒரு விளக்கை வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு தோடம்பழத்தைக் கையில் நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். விளக்குப் பக்கம் பார்க்கும்போது பழத்தின் இருண்ட முகம் தெரியும், அது அமாவாசை. விளக்குக்கு முதுகு காட்டி நிற்கும்போது பழம் முழுதாக ஒளிரும், அது பூரணை. அந்த நேரத்தில் பழத்தைத் தலைக்கு மேலாகச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிடில் பிள்ளையின் தலை நிழல் பழத்தில் விழுந்துவிடும். அப்படி நிழல் விழுந்தால் அதுதான் சந்திரகிரகணம்! சந்திரனின் பாதை ஐந்து பாகை அளவு சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பூரணையிலும் கிரகணம் வருவதில்லை. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதிப் போயா இரவில், பதினொரு மணி தொடக்கம் நள்ளிரவு தாண்டும் வரை சந்திரன் செந்நிறமாகத் தோன்றியது பலருக்கு நினைவிருக்கலாம். அன்று விழுந்தது நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழல்தான். அந்த நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைக் கண்டே பூமி உருண்டை என்று அரிஸ்ரோட்டில் வாதிட்டார். கிரகண நேரத்தில் சோறு நஞ்சாகும் என்பதற்கோ, கர்ப்பிணிப் பெண் கத்தி தொட்டால் பிள்ளைக்குக் குறை வரும் என்பதற்கோ ஆதாரம் எதுவும் இல்லை.

கிழக்குக் கரையின் தனி வசதி

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் உள்ளவர்கள் சூரியன் கடலில் அமிழ்வதைக் காண்கிறார்கள். நமக்கோ எல்லாம் கடலிலிருந்து எழும்புகின்றன. இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனை நமது அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. பூரணையன்று மாலை கடற்கரைக்குப் போய் நில்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னே வயல்வெளிக்கு அப்பால் சூரியன் மறையும் அதே வேளையில், முன்னே கடலிலிருந்து நிலா எழும். இது தற்செயல் அல்ல. சூரியனுக்கு நேரெதிரே சந்திரன் நிற்பதைத்தானே பூரணை என்கிறோம்? மறுநாள் அதே இடத்தில் நின்றால் நிலா ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தித்தான் வரும். அதற்கு மறுநாள் இன்னும் பிந்தும். வெளிச்சம் வைத்து மீன் பிடிப்போர் பூரணைக்குப் பிந்திய நாட்களில் 'நிலா எழும்ப முன்' இருட்டில் வேலையை முடிக்கப் பார்ப்பதெல்லாம் இந்த 50 நிமிடக் கணக்கை வைத்துத்தான்.

தலைப்பிறை இதற்கு மாறானது. அது சூரியன் மறைந்த பின் மேற்கில், வயல்வெளிக்கு மேலே, சிறிது நேரமே தெரிந்து மறையும். ஆகவே கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பிறை பார்ப்பவர்கள் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கொடிகளிலும் படங்களிலும் பிறை நிமிர்ந்து நிற்கிறது. நமது வானில் அது தோணி போலப் படுத்துக் கிடக்கிறது. நாம் நிலநடுக் கோட்டுக்கு அண்மையில், வடக்கே ஏழரைப் பாகையில் இருப்பதால் சூரியனும் சந்திரனும் ஏறக்குறைய நேர்க்குத்தாகவே கீழிறங்குகின்றன. கீழேயிருக்கும் சூரியன் பிறையின் அடிப்பக்கத்தை ஒளிரச் செய்கிறது. ஐரோப்பாவில் அவை சாய்வாக இறங்குவதால் பிறையும் நிமிர்ந்து தெரிகிறது. படம் வரைந்தவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து வரைந்தார்கள், அவ்வளவுதான்.

பிறை பார்ப்பதில் ஏன் இத்தனை சிக்கல்?

சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் வரும் கணம் அமாவாசை. அந்தக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கணத்தில் சந்திரன் தெரியாது. அது சூரியனை விட்டு விலக வேண்டும். மணிக்கு அரைப் பாகை என்ற அளவில் மெதுவாகவே விலகுகிறது. அமாவாசைக் கணத்திலிருந்து பதினைந்து மணி நேரமாவது செல்லாமல் வெறுங்கண்ணுக்குப் பிறை தென்படுவது மிக அரிது. இருபது மணி, இருபத்துநாலு மணி சென்றால்தான் சாதாரணமாகக் காணலாம். இப்போது எண்ணிப் பாருங்கள். கல்முனையில் சூரியன் மறைந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மக்காவில் மறைகிறது. அதற்கிடையில் பிறைக்கு வயது கூடிவிடுகிறது. சூரியனை விட்டு இன்னும் ஒன்றரைப் பாகைக்குக் கிட்ட விலகியும் விடுகிறது. நம் கண்ணுக்கு எட்டாத பிறை அங்கே எட்டுவது இதனால்தான். அங்கே ஒரு நாள், இங்கே மறுநாள் என்று பெருநாள் வருவது யாருடைய குற்றமும் அல்ல.

இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அரசாங்கத்தின் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடிப் பிறை பற்றிய முடிவை அறிவிக்கின்றன. கண்ணால் காண வேண்டுமா, கணக்கால் அறியலாமா என்பது அச்சமூகத்தின் அறிஞர்கள் தீர்மானிக்க வேண்டிய காரியம். வானியல் அதில் தலையிடாது. இன்ன மாலையில் இன்ன இடத்தில் பிறை தென்பட வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாத்திரம் வானியலுக்கு வலிமை உண்டு.

நாம் மட்டும் சந்திரக் கணக்கை விட்டு விலகியவர்களா? இல்லை. உயிர்த்த ஞாயிறு ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் 21ஆம் திகதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதற் பூரணைக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22க்கு முன் வராது. ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. இந்தப் பூரணை கண்ணால் காண்பதல்ல; அட்டவணைப் பூரணை. அந்த அட்டவணையைத் திருத்தவே 1582ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் நாட்காட்டியைச் சீர்செய்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆம் திகதிக்கு மறுநாள் 15ஆம் திகதி ஆயிற்று. இயேசு சபைக் குருவான கிளாவியுஸ் என்ற கணித அறிஞர் அதில் முக்கிய பங்கெடுத்தார். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்தி நடப்பதும் பூரணையை ஒட்டித்தான். பௌத்தர்களின் போயாவைச் சொல்லவே வேண்டியதில்லை. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் வார விடுமுறையே சந்திரனைப் பார்த்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலைநாளாகி, போயாவும் அதற்கு முந்திய நாளும் ஓய்வுநாள் ஆயின. அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. இஸ்லாமிய நாட்காட்டி இந்தக் குறையை நிரப்புவதில்லை. அதனால் றமழான் ஆண்டுதோறும் பதினொரு நாள் முந்தி வந்து, முப்பத்துமூன்று ஆண்டளவில் பருவங்களை ஒருமுறை சுற்றிவிடுகிறது. மாரி மழையிலும் ஏப்ரல் வெயிலிலும் மாறி மாறி நோன்பு வருவது இதனால். 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் றமழானும் நமது தவக்காலமும் சில நாள் இடைவெளியில் தொடங்கின. ஒரே வீதியில் இரு வீட்டாரும் ஒருங்கே ஒறுத்தல் செய்த அந்த வாரங்கள், சந்திரக் கணக்கு இரண்டும் ஒரு முறை தோள் உரசிப்போன வாரங்கள்.

அயல் வீட்டாரின் பெயர்களில் வானம்

ஒரு சிறு விலகல். உங்கள் அயலவர் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். ஹிலால் என்றால் பிறை. பத்ருத்தீன் என்பதில் உள்ள பத்ர் பூரணை. கமர் சந்திரன், ஷம்ஸ் சூரியன், நஜ்ம் நட்சத்திரம். சுரையா என்று பெயர் வைத்த பெண்பிள்ளை வானத்தின் கார்த்திகைக் கூட்டத்தைத் தன் பெயரில் கொண்டிருக்கிறாள். நம் கடலோடிகள் ஆறாமீன் என்கிற அதே கூட்டம். சுஹைல் என்பது தென்வானில் ஒளிரும் பெரிய நட்சத்திரம். இந்துக்கள் அதனை அகத்தியர் என்பார்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு எட்டரை மணியளவில் நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் வானில் பத்துப் பாகை. கீழ்வானிலிருந்து மூன்று முட்டி உயரத்தில் அது நிற்கும். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்கு அதே தெற்கில், இரண்டு முட்டிக்குச் சற்று மேலே, நாலு நட்சத்திரங்களாலான தென்சிலுவை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். இங்கிலாந்திலிருந்து அதைக் காணவே முடியாது. வடக்கே துருவ நட்சத்திரமோ நமக்கு ஒரு முட்டி உயரம் கூட இல்லை. புழுதியிலும் மூடுபனியிலும் மறைந்துவிடுகிறது.

சந்திரனிலும் இதே கலப்பு. 1651ஆம் ஆண்டில் ரிச்சியோலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு சந்திரனின் வரைபடம் ஒன்றை வெளியிட்டு, அதிலுள்ள குழிகளுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். அல் பத்தானி, அல் பர்கானி, தாபித் இப்னு குர்ரா முதலான அரபு வானியலாருக்கும் அதில் இடமளித்தார். லத்தீன் உருவில் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கிளாவியுஸ் பெயரிலும் ஒரு பெருங்குழி உண்டு. அமைதிக் கடல் என்று ரிச்சியோலி பெயரிட்ட சமவெளியில்தான் 1969 யூலையில் மனிதன் இறங்கினான். இலங்கை நேரப்படி அது யூலை 21ஆம் திகதி காலை எட்டரை மணிக்குச் சற்று முன்.

இனி, கடலுக்கு வருவோம்

சந்திரன் கடலை இழுப்பது உண்மை. தன்னை நோக்கிய பக்கத்து நீரைச் சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கத்து நீரைச் சற்றுக் குறைவாகவும் இழுப்பதால் பூமியின் இரு பக்கங்களிலும் நீர் மேடு கொள்கிறது. பூமி சுழல, ஒரு கரைக்கு நாளில் இருமுறை வெள்ளமும் இருமுறை வற்றும் வருகின்றன. ஒரு வெள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். சூரியனும் இழுக்கிறது, ஆனால் சந்திரனின் பலத்தில் பாதிக்கும் குறைவு. பூரணையிலும் அமாவாசையிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்நாட்களில் வெள்ளம் உயரும், வற்றும் கூடும். பறுவத்தில் கடல் பொங்குவதாக மீனவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

எவ்வளவு பொங்கும்? இங்கேதான் அளவு தெரிய வேண்டும். உலகின் சில குடாக்களில் வெள்ளத்துக்கும் வற்றுக்கும் இடையே பத்து மீற்றருக்கு மேல் வித்தியாசம் உண்டு. இலங்கைக் கரையில் அது பூரணையன்று கூட ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. சாதாரண நாளைவிடப் பூரணையில் கூடுவது ஒரு சாண், ஒன்றரைச் சாண். சந்திரன் அண்மையில் வரும் பெரு நிலாவில் இன்னும் இரண்டொரு விரற்கிடை சேரலாம். கரைவலைத் தோணியைச் சற்று மேலே இழுத்து வைக்க வேண்டியிருக்கும். வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை.

சுனாமி வேறு சாதி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அன்று நாம் வைத்திருந்த நேரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், சுமத்திராவின் மேற்கே கடலடி நிலம் பிளக்கத் தொடங்கியது. பிளவு வடக்கு நோக்கி ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. கடற்படுக்கை திடீரென உயர்ந்து மேலிருந்த நீர் முழுவதையும் தூக்கியது. அந்த நீர் ஆகாய விமான வேகத்தில் வங்கக் கடலைக் கடந்து இரண்டு மணி நேரமளவில் நம் கரையை அடைந்தது. அதில் சந்திரனுக்கு என்ன பங்கு? பூரணைக் கணம் அன்றிரவு ஒன்பது மணி தாண்டித்தான் வந்தது. மேலும், சந்திரன் அப்போது பூமிக்கு அண்மையில் இல்லை. மறுநாள்தான் அது தன் பாதையில் மிகத் தொலைவான இடத்தை, ஏறக்குறைய 4,06,000 கிலோமீற்றரை, எட்டியது. நிலா பெருத்ததால் அலை வந்தது என்றால், அன்று நிலா சிறுத்தல்லவா இருந்தது!

ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்டலாகாது. வேறு சுனாமிகளையும் பாருங்கள். 1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கும் வந்தது. நமது மாவட்டத்துப் பாணமையில் ஒரு பெண் அதில் அகப்பட்டு இறந்ததாகப் பதிவுண்டு. அன்று பூரணையும் அல்ல, அமாவாசையும் அல்ல; தேய்பிறைக் கீற்று. 2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானில் பெருஞ்சுனாமி எழுந்தபோது வளர்பிறை. பாதி நிலா கூட ஆகவில்லை. எட்டு நாள் கழித்து, மார்ச் 19இல், பெரு நிலா வந்தது; நம் கரையில் ஒன்றும் நிகழவில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரு நடுக்கம் ஏற்பட, எச்சரிக்கை கேட்டு நம் கரையோர மக்கள் உள்ளூருக்குள் ஓடினார்கள். அன்றும் தேய்பிறைதான். அன்று அலை பெரிதாக வரவில்லை. நிலம் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம்.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கனவே உடையும் தறுவாயில் இருக்கும் பாறைப் பிளவை, வெள்ளமும் வற்றும் வலுத்திருக்கும் நாட்களில் சந்திரனின் இழுப்புச் சற்றே தூண்டக்கூடும் என்று டோக்கியோ ஆய்வாளர் சிலர் 2016இல் எழுதினார்கள். நூற்றாண்டுகளாக இறுகிய வில்லில் கடைசியாக விழும் தூசி போன்றது அது. அந்தத் தூசி, ஆண்டுக்கு ஐம்பது தடவைக்குக் கிட்ட நிகழும் பாதி நிலா, பூரணை, அமாவாசை எதிலும் விழலாம், விழாமலும் இருக்கலாம். அதை வைத்து நாள் குறிக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. நாள் குறித்து வரும் சுனாமிச் செய்தி எதுவாயினும் அது பொய் என்று துணிந்து சொல்லலாம்.

அப்படியானால் எதைப் பார்த்து ஓடுவது? நிலம் நெடுநேரம் பலமாக நடுங்கினால் ஓடலாம். ஆனால் 2004இல் நமக்கு அப்படி நடுக்கம் தெரியவில்லை, பிளவு அவ்வளவு தொலைவு. கடல் வழக்கத்துக்கு மாறாக, வற்று நேரமல்லாத நேரத்தில், திடீரெனப் பின்வாங்கி மணலும் பாறையும் தெரிந்தால் மீன் பொறுக்கப் போகாமல் உடனே ஓட வேண்டும். கடலில் இயல்பில்லாத பேரிரைச்சல் எழுந்தாலும் அப்படியே. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலைக் கேட்க வேண்டும். முதல் அலை போனதும் திரும்பி வரக்கூடாது. அடுத்த அலை பெரிதாக இருக்கலாம், இடையில் அரை மணி கூடச் செல்லலாம். இவை எதிலும் நிலா இல்லை.

அடுத்த பூரணையன்று மாலை பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மணலில் ஒரு தடியை ஊன்றி, வெள்ளம் ஏறும் எல்லையைக் குறித்து வையுங்கள். ஏழு நாள் கழித்து, பாதி நிலாவின் போது, வெள்ளம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து அதே தடியருகே மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை சாண் என்று அவர்களே அளக்கட்டும்.